இறைமை யாரிடம் இருக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாராளுமன்ற ஆட்சிமுறை பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள் எழுதிய கடிதங்களுள் பெரும்பாலானவை இறைமை, அதாவது ஒரு நாட்டின் இறுதி அதிகாரம், பற்றியே கேட்டிருந்தன. ஒரு கேள்விக்கான பதில் மற்றதற்கு அடிப்படையாக அமைவதால், இம்முறை அவற்றை ஒருங்கே எடுத்துக்கொள்கிறோம்.

உயர்தர மாணவி, உரும்பிராய்: ஐயா, எங்கள் அரசறிவியல் பாடக்குறிப்பில் சட்ட இறைமை, அரசியல் இறைமை, மக்கள் இறைமை, பெயரளவு இறைமை, சட்டப்படியான இறைமை, நடைமுறை இறைமை என்று நீண்டதொரு பட்டியல் இருக்கிறது. அதே குறிப்பில் இறைமை பிரிக்க முடியாதது என்றும் எழுதப்பட்டுள்ளது. பிரிக்க முடியாத ஒன்றுக்கு இத்தனை வகைகள் எப்படி வந்தன?

பிள்ளையின் ஐயம் மிகவும் நியாயமானது. பிரிக்க முடியாதது என்ற கருத்து முடியாட்சிக் காலத்தில் உருவானது. பிரான்ஸ் மதப் போர்களால் சிதறிக்கொண்டிருந்த வேளையில், 1576 இல், ஜீன் போடின் என்ற அறிஞர் ஒரு நாட்டில் இறுதி முடிவு எடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அரசன் ஒருவனே சட்டம் செய்து, வரி விதித்து, தீர்ப்பும் வழங்கிய காலத்தில் அந்த வாதத்துக்குப் பொருள் இருந்தது. பின்னர் பாராளுமன்றமும் வாக்காளரும் வளர்ந்தபோது, "இறுதி அதிகாரம் யாருக்கு?" என்ற ஒரே வினாவுக்கு, அதை யார் எந்த நோக்கத்துடன் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து வெவ்வேறு விடைகள் கிடைக்கத் தொடங்கின.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். எந்தச் சட்டத்துக்கு நான் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு நீதிபதி கேட்டால், பிரபுக்கள் சபையும் பொதுமக்கள் சபையும் நிறைவேற்றி முடியின் ஒப்புதல் பெற்ற சட்டம் என்பதே விடை. அது சட்ட இறைமை. யாருடைய விருப்பத்துக்கு எதிராக நான் நெடுநாள் நிலைக்க முடியாது என்று ஒரு பிரதமர் தம்மைக் கேட்டுக்கொண்டால், வாக்காளர் என்பது விடை. அது அரசியல் இறைமை. இந்த இரண்டையும் தெளிவாக வேறுபடுத்திக் காட்டியவர் பிரித்தானியச் சட்ட அறிஞர் ஏ.வி. டைசி, ஆண்டு 1885. அரசாங்கம் யாருடைய பெயரால் நடக்கிறது என்று கேட்டால் மன்னர் என்று சொல்ல வேண்டும். அது பெயரளவு இறைமை. ஆன் அரசியார் 1708 இல் ஸ்கொட்லாந்து மக்கட்படை தொடர்பான சட்டமூலமொன்றுக்கு ஒப்புதல் மறுத்த பின்னர், இன்றுவரை எந்த மன்னரும் எந்தச் சட்டமூலத்துக்கும் ஒப்புதல் மறுத்ததில்லை.

சட்டப்படியான இறைமையும் நடைமுறை இறைமையும் ஆட்சி குலையும் நேரத்தில் மட்டுமே தனித்தனியாகத் தெரியும். 1965 நவம்பரில் தெற்கு ரொடீசியாவின் வெள்ளையர் அரசாங்கம் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. உடனடியாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் அந்நாட்டுக்குச் சட்டமியற்றும் அதிகாரம் இன்னமும் தனக்கே உண்டு என்று சட்டம் நிறைவேற்றியது. இலண்டனின் சட்டப் புத்தகத்தில் அது செல்லுபடியானது. ரொடீசியத் தலைநகர் சோல்ஸ்பரியின் காவல் நிலையத்திலும் கருவூலத்திலும் அதற்கு யாரும் கீழ்ப்படியவில்லை. பரீட்சையில் இந்த இரண்டு வகைகளும் கேட்கப்பட்டால் இந்த எடுத்துக்காட்டை எழுதலாம்.

மக்கள் இறைமை மற்றவற்றிலிருந்து வேறான ஓர் இடத்தில் நிற்கிறது. யார் ஆள்கிறார் என்பதைவிட, ஆள்பவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்கே அது விடை கூறுகிறது. 1762 இல் இதை வலியுறுத்திய ரூசோ, மக்களின் இறைமையைப் பிரதிநிதிகள் மூலம் செலுத்தவே முடியாது என்று கருதினார். பாராளுமன்ற ஜனநாயகம் அவர் முடியாது என்று சொன்னதைச் செய்துகாட்ட முனையும் ஏற்பாடு. ஆகையால் அதனுள் ஒரு முரண் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். பட்டியலை மனனம் செய்ததில் தவறில்லை. ஒவ்வொரு வகைக்கும் பக்கத்தில் அது எந்தக் கேள்விக்கான விடை என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், காரைநகர்: பிரித்தானியப் பாராளுமன்றம் எதையும் செய்யலாம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் முடிவை மட்டும் ஏன் மக்களிடம் விட்டது?

சட்டப்படி விடவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. 2016 ஜூன் 23 இல் நடந்த வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் வெளியேற வேண்டும் என்றனர். அந்த முடிவுக்குப் பாராளுமன்றம் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும், உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒன்றியத்திலேயே தங்கியிருக்க விரும்பியவர்களாக இருந்தும், வெளியேறும் அறிவித்தலைக் கொடுப்பதற்கான சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு 2017 பெப்ரவரியில் 498 க்கு 114 என்ற வாக்குகளால் நிறைவேறியது. சட்ட இறைமை அரசியல் இறைமைக்குத் தலைவணங்குவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அண்மைக் காலத்தில் இல்லை. அதற்கு முந்திய மாதம், பாராளுமன்றத்தின் சட்டமின்றி அரசாங்கம் தன் விருப்பில் அந்த அறிவித்தலைக் கொடுக்க முடியாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பாராளுமன்ற இறைமை என்பது அமைச்சரவையின் இறைமை அன்று.

ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், சாவகச்சேரி: இறைமை மக்களுக்குரியது என்று எங்கள் அரசியலமைப்புச் சொல்கிறது. பாராளுமன்றமே மீயுயர்ந்தது என்று உறுப்பினர்கள் சபையில் முழங்குகிறார்கள். இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாக இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. இலங்கையில் இது ஏட்டளவில் நின்ற கேள்வி அன்று.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் பாராளுமன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரம் இருந்தபோதிலும், அதற்கு வேலியும் இருந்தது. 29 ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைத் தடைசெய்ததுடன், அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையையும் கோரியது. இலஞ்ச வழக்கொன்றில், அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த இலண்டனின் பிரிவி கவுன்சில் 1964 இல் இந்த வேலி வெறும் அலங்காரமன்று என்று காட்டியது. நீதிச்சேவை ஆணைக்குழுவைத் தவிர்த்து நியமிக்கப்பட்ட இலஞ்ச நியாயசபை, அதற்கு வழிசெய்த சட்டம் உரிய பெரும்பான்மைக்கான சான்றிதழுடன் நிறைவேறாதபடியால், தண்டனை விதிக்கும் அதிகாரமற்றது என்று அது தீர்ப்பளித்தது. சட்டமியற்றும் முறைக்குக் கட்டுப்பட்டிருப்பதால் ஒரு பாராளுமன்றம் தன் இறைமையை இழந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பாராளுமன்றத்துக்கு எல்லை வகுத்தாலே அதை அவமதிப்பதாகும் என்று இன்றும் பேசுபவர்கள் அத்தீர்ப்பை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். ஆனால் அதே வேலி 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து மலையக மக்களைக் காக்கவில்லை. 1956 இன் அரசகரும மொழிச் சட்டத்தை எதிர்த்துக் கோடீஸ்வரன் என்ற தமிழ் அரச ஊழியர் தொடுத்த வழக்கில், அச்சட்டம் செல்லுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு மேல்நிலை நீதிமன்றங்கள் கடைசிவரை விடையளிக்கவேயில்லை.

1972 மே 22 இல் வந்த குடியரசு அரசியலமைப்பு, இறைமை மக்களுக்குரியது என்றும் அது பாராதீனப்படுத்த (பிறருக்குக் கையளிக்க) முடியாதது என்றும் முதன்முறையாக எழுதியது. அடுத்த வரிகளிலேயே, அந்த இறைமை தேசிய அரசுப் பேரவையின் மூலம் செலுத்தப்படும் என்றும், அப்பேரவையே அரசின் மீயுயர் கருவி என்றும் சொல்லி, நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றங்கள் கேள்விக்குட்படுத்தும் வழியை அடைத்தது. 29 ஆம் பிரிவின் பாதுகாப்பும் அத்துடன் மறைந்தது. மக்களின் பெயரைச் சொல்லி மக்களின் கையிலிருந்த கடிவாளத்தைச் சபைக்கு மாற்றிய ஆண்டு என்றே நான் 1972 ஐக் கருதுகிறேன்.

அதன் விளைவை முதலில் கண்டவர்கள் காங்கேசன்துறை வாக்காளர்கள். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அந்த அரசியலமைப்பை எதிர்த்து 1972 ஒக்டோபரில் தம் ஆசனத்தைத் துறந்து, தமிழ் மக்களின் தீர்ப்பை இடைத்தேர்தலில் கேட்டறியுமாறு அரசாங்கத்துக்குச் சவால் விடுத்தார். அரசியல் இறைமையின் வாயைத் திறக்கும் கோரிக்கை அது. தேர்தல் 1975 பெப்ரவரி 6 வரை நடத்தப்படவில்லை. நடந்தபோது, அவர் 16,000 இற்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பது தெரிந்ததனாலேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அது தள்ளிப்போடப்பட்டது என்று நினைப்பதற்குக் காரணம் உண்டு.

1978 அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்புரை இறைமையை மறுபடியும் மக்களிடம் வைத்தது. ஆட்சித் தத்துவங்கள் (அதிகாரங்கள்), அடிப்படை உரிமைகள், வாக்குரிமை ஆகியவை இறைமையுள் அடங்கும் என்றும் விரித்தது. 4 ஆம் உறுப்புரையின்படி, சட்டவாக்கத் தத்துவத்தைப் பாராளுமன்றமும் சர்வசன வாக்கெடுப்பில் மக்களும், ஆட்சித்துறைத் தத்துவத்தை ஜனாதிபதியும், நீதிமுறைத் தத்துவத்தைப் பாராளுமன்றம் நீதிமன்றங்களின் மூலமும் செலுத்த வேண்டும். இதை நம் ஊர் வழக்கில் இப்படி விளங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் காணிச் சொந்தக்காரர் ஊரிலுள்ள உறவினருக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுக்கிறார். உறவினர் அந்தக் காணியைக் குத்தகைக்கு விடலாம், வழக்குப் பேசலாம். காணி உறுதி அவர் பெயரில் இல்லை. பாராளுமன்றமும் ஜனாதிபதியும் அவ்வாறான தத்துவகாரரே. எனவே, பாராளுமன்றம் மீயுயர்ந்தது என்ற கூற்று 1978 அரசியலமைப்பின் சொற்களில் இல்லாத ஒன்று. நடைமுறையில் அக்கூற்றுக்கு உயிர் கொடுப்பது 80 ஆம் உறுப்புரை: சபாநாயகரின் சான்றுரை பதியப்பட்டதும், அந்தச் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் எவரும் எதிர்க்காவிட்டால், அரசியலமைப்புக்கு முரணான சட்டமும் சட்டமாகவே நின்றுவிடும்.

மக்கள் தாமே சட்டமியற்றிய ஒரே தருணம் 1982 டிசம்பர் 22. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிக்கலாமா என்று கேட்ட வாக்குச்சீட்டில் விளக்கு என்றால் ஆம், குடம் என்றால் இல்லை. நாடளாவிய முறையில் விளக்கு 54 வீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளால் வென்றது; யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்கு வாக்களித்தது. அதற்கடுத்த ஆண்டு, பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று உறுதியளிக்கக் கோரிய ஆறாம் திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தைத் தொடர்ந்து, வட மாகாணத்தின் 14 தொகுதிகளையும் வென்றிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் சபையிலிருந்து வெளியேற நேர்ந்தது. நாங்கள் நீடிக்கச் சம்மதியாத ஒரு பாராளுமன்றம், நாங்கள் அனுப்பிய உறுப்பினர்கள் இல்லாமல், 1988 இன் இறுதிவரை எங்களுக்கும் சேர்த்துச் சட்டமியற்றியது. மக்கள் இறைமை என்பதைப் பெரும்பான்மை எண்ணிக்கை என்று மட்டும் பொருள்கொண்டால் எங்கே போய் நிற்கும் என்பதை யாழ்ப்பாணம் அறியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 9 இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அது செல்லாது என்று டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்குத் தொகுதியின் முதன்மை மனுதாரர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் இரா. சம்பந்தன். மக்களிடம் தேர்தலுக்குப் போவதே மக்கள் இறைமை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மக்கள் தந்த தத்துவத்தை மக்கள் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பின் வழியில் மட்டுமே செலுத்தலாம் என்பதே நிலைநின்றது.

ஆசிரியர், நெல்லியடி: மாகாணத்துக்கு அதிகாரம் கொடுத்தால் நாட்டின் இறைமை துண்டாடப்படும் என்கிறார்கள். சமஷ்டி நாடுகளில் இறைமை உண்மையில் பிரிக்கப்படுகிறதா?

வெளியுலகை நோக்கி நிற்கும் இறைமை எந்தச் சமஷ்டியிலும் பிரிவதில்லை. கனடாவுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் ஓர் ஆசனமே உண்டு. பிரிவது உள்ளே, சட்டமியற்றும் தத்துவம். ரொறன்ரோவில் மதுச்சாலை நடத்திய ஒருவர், தடைசெய்யப்பட்ட நேரத்தில் பில்லியர்ட்ஸ் மேசையில் ஆட விட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். அந்த விதிகளுக்கு வழிசெய்த ஒன்ராறியோச் சட்டமன்றம் வெறும் முகவர் நிறுவனம் என்றும், முகவர் தன் அதிகாரத்தை வேறொருவருக்குக் கையளிக்க முடியாது என்றும் அவர் தரப்பு வாதிட்டது. 1883 இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை: தனக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் மாகாணச் சட்டமன்றம் யாருடைய முகவருமன்று, அங்கே அதுவே மேலானது என்றது.

அதற்கு நேரெதிரான மாதிரியும் உண்டு. வட அயர்லாந்துக்கென 1920 இன் சட்டத்தால் அமைந்த பாராளுமன்றத்தை 1972 மார்ச்சில் இலண்டன் இடைநிறுத்தி, அடுத்த ஆண்டில் ஒழித்தது. கொடுத்தவர் திரும்ப எடுக்கக் கூடியது அதிகாரப் பரவலாக்கம். கொடுத்தவர் என்று எவரும் இல்லாமல், இரு மட்டங்களும் ஒரே அரசியலமைப்பிலிருந்து நேரே அதிகாரம் பெறுவது சமஷ்டி.

மாகாண சபைகளை உருவாக்கிய எங்கள் பதின்மூன்றாம் திருத்தம் அதிகாரப் பரவலாக்க வகை. 1987 இல் அது ஒற்றையாட்சியைப் பாதிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற மிக நெருங்கிய பெரும்பான்மையில் கருதியதற்குக் காரணம், மாகாண சபைகள் மத்திக்குக் கீழ்ப்பட்ட அமைப்புகளே, இறைமையில் பங்குகொண்டவை அல்ல என்பதுதான். துண்டாடப்படும் என்று அஞ்சுவோர் இத்தீர்மானத்தைப் படித்தால் அச்சம் நீங்கும். எங்களுக்கோ அதனால் நிறைவு வராது. மாகாண நிரலில் உள்ள விடயம் பற்றிய சட்டமூலத்தை மாகாண சபைகளிடம் கருத்துக் கேட்டு அனுப்ப வேண்டும். சபை இணங்காவிட்டாலும், மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் பாராளுமன்றம் அதை நிறைவேற்றிவிடலாம். 2012 இல் வாழ்வாதார அபிவிருத்திக்கான திவிநெகும சட்டமூலம் வந்தபோது வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் இணக்கம் தர முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியது. அதே மாதத்தில் பிரதம நீதியரசர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

சமஷ்டியைக் கோருவது பிரிவினையைக் கோருவதாகுமா என்ற வினாவுக்கும் இப்போது விடை உண்டு. தமிழரசுக் கட்சிக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில், ஒன்றுபட்ட நாட்டுக்குள் சமஷ்டியை வலியுறுத்துவது பிரிவினையாகாது என்று உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆசிரியர் என்ற வகையில் இத்தீர்ப்பை மாணவர்களுக்கு அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

கடற்றொழிலாளர், குருநகர்: எங்கள் கடலில் எங்கள் நாட்டுக்கு இறைமை உண்டு என்றால் இழுவைப் படகுகள் எப்படி வருகின்றன?

இந்தியாவுடனான 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாக்கு நீரிணையில் வரையப்பட்ட கோட்டுக்கு இப்பாலுள்ள நீர்ப்பரப்பில் இலங்கைக்கே இறைமை உண்டு. இதில் சட்ட ஐயம் இல்லை. பாராளுமன்றமும் தன் பங்கைச் செய்தது: அப்போதைய யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்த முயற்சியிலிருந்து, 2017 இல் இழுவைமடித் தொழில் தடைசெய்யப்பட்டது. சட்ட இறைமை இருந்தும் கடலில் நடைமுறை இறைமை குறைவாக இருப்பதே உங்கள் வலை அறுபடுவதற்குக் காரணம். அதை நிரப்ப வேண்டியது ஆட்சித்துறை. புதிய சட்டம் எதுவும் அதற்குத் தேவையில்லை.

இல்லத்தரசி, வேலணை: வாக்குப் போட்ட நாளோடு எங்கள் இறைமை முடிந்துவிடுகிறதா, ஐயா? அடுத்த தேர்தல் வரும்வரை என்ன செய்யலாம்?

முடிவதில்லை, அம்மா. வாக்குரிமை இறைமையின் ஓர் அங்கம் என்பதால் தேர்தலை நடத்தாமல் விடுவதே மீறலாகும். 2023 மார்ச்சில் நடக்கவேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடக்காமற்போனபோது, அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 இல் நடந்தது. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபைக்குப் பின்னர், கைதடியிலுள்ள சபை மண்டபத்தில் மக்கள் தெரிவுசெய்த எவரும் அமரவில்லை. அதே தர்க்கம் அங்கும் பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேர்தல்களுக்கு இடையில் உங்கள் கையில் இரண்டு வழிகள் உண்டு. அரசோ அரச அதிகாரியோ உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானது என்று கருதினால், 121 ஆம் உறுப்புரையின்படி எந்தப் பிரசையும் அதை எதிர்க்கலாம். அதற்கான காலம் மிகக் குறுகியது. சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடும். தீவகத்திலிருந்து கொழும்புக்குப் போய் வழக்கறிஞரைப் பிடிப்பதற்குள் அது கடந்துவிடக் கூடும் என்பதால், சட்டமூலங்களின் தமிழ் வடிவம் வர்த்தமானியில் வெளியான உடனேயே வாசிக்கும் ஒரு சிறு குழுவை உங்கள் மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ அமைத்துக்கொள்ளுங்கள்.